ஓர் இடம் முன்னால் போக என்ன விலை?

ரயன் பேஸ் சிகாகோவை விட்டுப் போனது 2022 ஜனவரியில். அவர் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, தன் பங்குக்குப் பாராட்டும் வசவும் வாங்கியாகிவிட்டது. இருந்தும் எங்கள் புறநகரில் நாலு பேர் கூடி அடுப்பில் போலிஷ் சாசேஜ் வாட்ட ஆரம்பித்தால், முதல் தட்டு காலியாவதற்குள் பேச்சு பேஸிடம் போய் நின்றுவிடும். அவர் மைதானத்தில் இறங்கி ஆடியவர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. சிகாகோ பேர்ஸ் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஏழு சீசன் ஜெனரல் மேனேஜராக இருந்தவர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிறவர். கல்லூரிகளிலிருந்து அவர் எடுத்தவர்கள் ஒரு பட்டியல், எடுக்காமல் விட்டவர்கள் இன்னொரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

என் பக்கத்து வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பேர்ஸ் நட்சத்திரம் வால்டர் பேட்டனின் 34-ஆம் எண் சட்டையை வெளுத்துப்போன பிறகும் மாட்டிக்கொண்டு திரிகிறவர். 1986 ஜனவரியில் பேர்ஸ் 46-10 என்று சூப்பர் பௌல் இறுதிப்போட்டியை ஜெயித்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அவருடைய மருமகன் அதற்குப் பிறகு பிறந்தவர், தோல்விகளை மட்டும் பார்த்து வளர்ந்தவர். மாமனார் பேஸுக்கு வக்கீல், மருமகன் எதிர்த்தரப்பு. எனக்குத் தொழில் கணக்குத் தணிக்கை என்பதால் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிடுவார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முட்டை வடிவப் பந்தை எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் மோதித் தள்ளியும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்தால் டச்டவுன். பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அணியில் ஐம்பதுக்கு மேல் ஆட்கள் இருந்தாலும் நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி தேறாது. சிகாகோவின் தீராத நோயே அதுதான். பேஸ் காலம் முடியும்வரை ஒரு சீசனில் 4,000 கெஜம் எறிந்த பேர்ஸ் வீரர் ஒருவர்கூடக் கிடையாது. 1995-இல் எரிக் கிரேமர் எறிந்த 3,838 கெஜம்தான் அதுவரை அணியின் உச்சம். மற்ற ஊர்களில் அது ஒரு சாதாரண வருடம்.

அடுத்து டிராஃப்ட். லீகில் 32 அணிகள். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு சுற்று, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்து எடுக்கும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை, சூப்பர் பௌல் ஜெயித்த அணிக்குக் கடைசி முறை. ஐ.பி.எல். ஏலத்தில் கையில் பணம் இருந்தால் யாரையும் கேட்கலாம். இங்கே பணத்துக்கு வேலையில்லை. உங்கள் முறை வருவதற்குள் முன்னால் நிற்கிறவர் தூக்கிக்கொண்டு போனால் போனதுதான். ஆனால் முறையையே விற்கலாம், வாங்கலாம். மூன்றாவது இடத்தில் நிற்கிற அணி, இரண்டாவது இடத்து அணியிடம், “உன் இடத்தை எனக்குக் கொடு, என் இடத்தோடு மேற்கொண்டு சில இடங்களையும் தருகிறேன்” என்று பேரம் பேசலாம். அடுத்த வருடத்து முறையைக்கூட இப்போதே எழுதிக்கொடுத்துவிடலாம். பேஸின் கதை முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

முதல் டிராஃப்ட் 1936-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை அது. முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக மாணவர். எடுத்தது ஈகிள்ஸ். அவர்களுக்குச் சம்பளம் கட்டுபடியாகவில்லை, உரிமையை பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஹாலஸோடும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் கால் வைக்கவே இல்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே சிகாகோவுக்கு வந்து வீணாய்ப் போயிற்று என்று மருமகன் இதைச் சொல்லிச் சிரிப்பார். பெரியவர் விடமாட்டார். மூன்று வருடம் கழித்து, 1939 டிராஃப்டில், அதே ஹாலஸ் பிட்ஸ்பர்க்கிடமிருந்து முறையை வாங்கி, இரண்டாவது ஆளாக சிட் லக்மேனை எடுத்தார். அந்த லக்மேன் நான்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த குவார்ட்டர்பேக். “இரண்டாவது இடத்தை விலைக்கு வாங்குவது எங்கள் குலவழக்கம்” என்பார் பெரியவர்.

அந்த இரண்டாவது இடம்தான் வழக்கின் முதல் ஆவணம்.

பேஸ் 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து வந்தபோது வயது 37. அன்று லீகிலேயே இளைய ஜெனரல் மேனேஜர். 2017 ஏப்ரலில் அவர் கையில் மூன்றாவது முறை இருந்தது. முன்னால் இரண்டே அணிகள். கிளீவ்லேண்டுக்கு முதல் முறை, சான் ஃபிரான்சிஸ்கோ 49ஆர்ஸுக்கு இரண்டாவது. அந்த வருடம் பேசப்பட்ட குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேர். வட கரோலினாவின் மிட்செல் ட்ருபிஸ்கி கல்லூரியில் வெறும் 13 ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கியவர். கிளெம்சனின் டெஷான் வாட்சன் அந்த ஜனவரியில்தான் அலபாமாவைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கியிருந்தார். டெக்சாஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ் ஓக்லஹோமாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் எறிந்து, அதிலும் தோற்றவர்.

பேஸ் ட்ருபிஸ்கிமேல் கண் வைத்தார். அதை வெளியே தெரியாமல் காத்ததைப் பற்றித் தனிக் கதையே உண்டு. பையன் படித்த ஊருக்குப் போய் அவரோடு சாப்பிட்டபோது ஓட்டல் மேஜையை வேறு பெயரில் பதிவு செய்தார்களாம். வைத்த பெயர் ஜிம் மெக்மேன், அந்த 1986 சூப்பர் பௌலில் பேர்ஸுக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸுக்கே டிராஃப்ட் அன்றுதான் விஷயம் தெரியும் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்த மார்ச்சில்தான் மைக் கிளென்னன் என்கிற குவார்ட்டர்பேக்கை மூன்று வருடத்துக்கு 4.5 கோடி டாலர் வரை என்று ஒப்பந்தம் போட்டு எடுத்திருந்தார்கள். அவர் பேர்ஸின் மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் ரசிகர்களோடு டிராஃப்ட் விருந்தில் இருந்தார். அங்கேயே தன் இடத்துக்கு ஆள் வந்ததைத் தெரிந்துகொண்டார்.

மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போக பேஸ் கொடுத்தது: அந்த வருடத்து 67-ஆவது முறை, 111-ஆவது முறை, 2018-இன் மூன்றாம் சுற்று முறை. இவ்வளவும் ஒரே ஓர் அடி முன்னால் வைக்க. 49ஆர்ஸ் மூன்றாவது இடத்துக்கு இறங்கி எடுத்தது சாலமன் தாமஸ் என்கிற தடுப்பு வீரரை. இரண்டாவது இடத்திலேயே இருந்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்போம் என்பதே அவர்கள் தரப்பு. அதாவது பேஸ் விலை கொடுத்த எதிராளிக்கு அவருடைய ஆள்மேல் ஆசையே இல்லை. மஹோம்ஸை 10-ஆவது ஆளாக கன்சாஸ் சிட்டி எடுத்தது, வாட்சனை 12-ஆவது ஆளாக ஹூஸ்டன். மறுநாள் இரவு சிகாகோவில் புல்ஸ் அணியின் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ட்ருபிஸ்கி வந்தார். பெரிய திரையில் முகத்தைக் காட்டினார்கள். அரங்கம் ஊளையிட்டது. ஒரு பந்துகூட எறியாத பையனை!

மருமகன் இங்கே நிறுத்தி, பேஸ் கொடுத்த மூன்று முறைகளில் இரண்டு எங்கே போயின என்று பார்க்கச் சொல்வார். அந்த 67-ஆவது முறையை 49ஆர்ஸ் செயின்ட்ஸுக்கு விற்றது. பேஸ் முன்பு வேலை பார்த்த அதே செயின்ட்ஸ் அதில் எடுத்தது ஆல்வின் கமாராவை, அந்தத் தலைமுறையின் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர். 2018-இன் மூன்றாம் சுற்று முறையில் 49ஆர்ஸ் எடுத்தது ஃபிரெட் வார்னரை. அவர் பலமுறை லீகின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம்பிடித்தவர்.

பேர்ஸே அந்த முறைகளை வைத்திருந்தால் கமாராவையும் வார்னரையும் எடுத்திருப்பார்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. பெரியவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். கை மாறிய சீட்டு பரிசு வென்றால் விற்றவனைத் திட்டுவது என்ன நியாயம் என்பார். இதில் நான் அவர் பக்கம். தணிக்கையில், விற்ற நாளின் மதிப்பைத்தான் பார்ப்போம்.

சரி, அந்த நாளின் மதிப்பு என்ன? அதற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸின் ஜிம்மி ஜான்சன் ஒவ்வொரு முறைக்கும் புள்ளி போட்டு வைத்த பட்டியல் அது. முதல் முறைக்கு 3,000, இரண்டாவதுக்கு 2,600, மூன்றாவதுக்கு 2,200. வித்தியாசம் 400. பேஸ் கொடுத்த 67-க்கு 255 புள்ளி, 111-க்கு 72. அடுத்த வருட முறையையும் சேர்த்தால் அந்தக் காலச் சந்தை விலைதான் வருகிறது. ஏமாந்துபோகவில்லை. பெரியவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சத்தை அணைக்கிற பேராசிரியர் ஒருவர் இதே ஊரில் இருக்கிறார். ரிச்சர்ட் தேலர், பெர்வாங்கர் படித்த அதே சிகாகோ பல்கலைக்கழகம். ட்ருபிஸ்கியை எடுத்த அதே 2017-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவரும் கேட் மாசியும் சேர்ந்து டிராஃப்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒரே வேலைக்கு எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு என்று பழைய டிராஃப்ட்களை எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டார்கள். விடை 52 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட ஒரு நூல் மேல், அவ்வளவுதான். ஆனால் அணிகளோ தங்கள் கண் தவறாது என்கிற நம்பிக்கையில் முன்னால் போக அள்ளிக் கொடுக்கின்றன. இன்றைய முறைக்காக அடுத்த வருட முறையைக் கொடுக்கிற பேரங்களை வட்டியாக மாற்றிப் பார்த்தால் வருடத்துக்கு நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது, கந்துவட்டிக் கணக்கு. ஜான்சன் அட்டவணைப்படி விலை சரி என்றால், அட்டவணையே தப்பு என்பது தேலர் கட்சி. எல்லோரும் அதிக விலை கொடுக்கிற சந்தையில், சந்தை விலை கொடுத்தேன் என்பது தற்காப்பு ஆகாது.

எனக்கு பேஸ்மேல் இருக்கிற புகாரும் இதுதான். ட்ருபிஸ்கி தேறாமல் போனது யாருக்கும் நேரக்கூடியது. மஹோம்ஸை விட்டதும் பேஸ் மட்டும் அல்ல, முதல் ஒன்பது முறையில் ஒருவரும் அவரை எடுக்கவில்லை. 52 சதவீத விவகாரத்தில் நூறு சதவீத உறுதியோடு விலை பேசினாரே, அதை என்ன சொல்ல? அதுவும் ஒருமுறை இல்லை. 2016-இல் லியோனர்ட் ஃபிளாய்டுக்காக 11-இலிருந்து 9-க்கு ஏறினார், நான்காம் சுற்று முறையைக் கொடுத்து. 2018-இல் ஆன்டனி மில்லருக்காக 2019-இன் இரண்டாம் சுற்றை எழுதிக் கொடுத்தார். 2019-இல் டேவிட் மான்ட்கமரிக்காக 87-இலிருந்து 73-க்கு. 2021-இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்காக 20-இலிருந்து 11-க்கு, 2022-இன் முதல் சுற்றையே கொடுத்து. அதே டிராஃப்டில் டெவன் ஜென்கின்ஸுக்காக மறுபடியும் ஏறினார். மனதுக்குப் பிடித்துவிட்டால் காத்திருக்க முடியாத மனிதர்.

மருமகனிடம் இதைவிடச் சுருக்கமான குற்றப்பத்திரிகை இருக்கிறது. ஏழு டிராஃப்டில் பேஸ் முதல் சுற்றில் எடுத்தது ஐந்து பேர்: கெவின் வைட், ஃபிளாய்டு, ட்ருபிஸ்கி, ரோக்வான் ஸ்மித், ஃபீல்ட்ஸ். ஐந்து பேரில் ஒருவர்கூட பேர்ஸோடு இரண்டாவது ஒப்பந்தம் போடவில்லை. புதுப்பையனின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம், முதல் சுற்றுக்காரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவதும் உண்டு. அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டால்தான் தேர்வு பலித்தது என்று அர்த்தம். வைட் 40 கெஜத்தை 4.35 விநாடியில் ஓடியவர், 2015-இல் ஏழாவது ஆளாக எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரிசல், முதல் சீசன் முழுக்கப் போயிற்று, பிறகு ஒன்று மாற்றி ஒன்று. நான்கு வருடத்தில் ஆடியது 14 ஆட்டம், பிடித்தது 25 பந்து, டச்டவுன் சுழி. ஃபிளாய்டு நான்கு சீசனில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மடக்கியது 18.5 முறை. 2020-இல் விடுவித்தார்கள், லாஸ் ஏஞ்சலஸ் ரேம்ஸுக்குப் போன முதல் சீசனிலேயே 10.5. ஸ்மித் அருமையான ஆட்டக்காரர், அதில் சண்டையே இல்லை. ஆனால் சம்பளப் பேச்சு முறிந்து, பேஸுக்குப் பின்வந்த நிர்வாகம் 2022-இல் பால்டிமோருக்கு அனுப்பிவிட்டது. அதை பேஸ் கணக்கில் எழுதக் கூடாது என்று நான் சொன்னால் மருமகனுக்குக் கோபம் வரும்.

இப்போது பெரியவர் முறை. அவர் பட்டியல் கீழ்ச்சுற்றுகளில் தொடங்கும். 2016-இல் ஐந்தாம் சுற்றில், 150-ஆவது ஆளாக வந்த ஜோர்டன் ஹோவார்ட் அந்த வருடமே 1,313 கெஜம் ஓடி லீகில் இரண்டாவது. 2015-இல் ஐந்தாம் சுற்றில் ஏட்ரியன் ஏமோஸ். 2020-இல் ஐந்தாம் சுற்றில் டார்னெல் மூனி, இரண்டாவது சீசனில் 1,000 கெஜம் தாண்டினார். இரண்டாவது ஒப்பந்தம் வாங்கியவர்கள் கணக்கையும் விடமாட்டார்: எடி கோல்ட்மன், கோடி வைட்ஹேர், எடி ஜாக்சன், டாரிக் கோஹன், கோல் கெமெட், ஜெய்லன் ஜான்சன். ஆறு பேரும் இரண்டாம் சுற்றுக்கும் அதற்குக் கீழும் எடுத்தவர்கள்.

இதில் எடி ஜாக்சனை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அலபாமாவில் ஆடும்போது கால் முறிந்ததால் மற்ற அணிகள் தயங்கின. 2017-இல் நான்காம் சுற்றில் 112-ஆவது ஆளாக பேஸ் எடுத்தார். ட்ருபிஸ்கியை எடுத்த அதே டிராஃப்ட். அந்த அக்டோபர் 22, சோல்ஜர் ஃபீல்டில் கரோலினாவுக்கு எதிரான ஆட்டம். தொடக்கத்திலேயே கரோலினாக்காரர்கள் கைநழுவவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு ஜாக்சன் 75 கெஜம் ஓடினார், டச்டவுன். சற்றுப் பொறுத்து, தட்டுப்பட்டு எழும்பிய எறிபந்தைக் காற்றிலேயே பிடித்து 76 கெஜம், இன்னொரு டச்டவுன். தடுப்பு வீரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 75 கெஜமோ அதற்கு மேலோ ஓடி இரண்டு டச்டவுன் போட்டது லீக் வரலாற்றில் அதுவே முதல் தடவை. பேர்ஸ் 17-3 என்று ஜெயித்தது. அன்று ட்ருபிஸ்கி மொத்தம் எறிந்தது ஏழு பந்து, சேர்ந்தது நான்கு. அணி தன் புதுக் குவார்ட்டர்பேக்கைக் கண்ணாடிப் பாத்திரம்போலப் பொத்தி வைத்திருந்தது. இரண்டாவது ஆளும் 112-ஆவது ஆளும் ஒரே மைதானத்தில், ஒரே சட்டையில். பேஸின் ஏழு வருடத்தை யாராவது ஒரே ஆட்டத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அதே டிராஃப்டில் இன்னொரு கணக்கு சிக்கலானது. இரண்டாம் சுற்றில் 36-ஆவது முறையை அரிசோனாவுக்கு விற்று 45-க்கு இறங்கினார் பேஸ். இறங்கி எடுத்தது ஆடம் ஷாஹீன், சின்னக் கல்லூரியிலிருந்து வந்த பெரிய உருவம், பந்து பிடிக்கிற டைட் எண்ட். மூன்று வருடத்தில் 26 பந்து பிடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அரிசோனா அந்த 36-இல் எடுத்தது புடா பேக்கர், அணியின் தூணாக ஆனவர். டைட் எண்டே வேண்டும் என்றால் ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்தார், மறுபடியும் 49ஆர்ஸ்தான் எடுத்தது. ஆக பேஸுக்கு நஷ்டமா? அரிசோனா கொடுத்தவற்றில் 119-ஆவது முறையும் ஒன்று. அதில் வந்தவர்தான் டாரிக் கோஹன், ஐந்தடி ஆறங்குலம், 2018-இல் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதில் லீகிலேயே சிறந்தவர். மருமகன் ஷாஹீனை எழுதுவார், கோஹனை மறந்துவிடுவார். மாமனார் கோஹனை எழுதுவார், பேக்கரைச் சொல்லமாட்டார்.

2018 வந்தால் இருவரும் குரலைத் தாழ்த்துவார்கள். அது நல்ல வருடம். சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது பேஸ் ஓக்லண்டிடமிருந்து கலில் மாக் என்கிற தடுப்பு வீரரை வாங்கினார். விலை 2019, 2020 இரண்டு வருடத்து முதல் சுற்றும் இன்னும் சிலவும். 12 வெற்றி, 4 தோல்வி. லீகிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்ட தடுப்பு. அந்தத் தடுப்பில் கோல்ட்மன், ஏமோஸ், ஃபிளாய்டு, ஜாக்சன், ஸ்மித், ஐந்தாம் சுற்றுப் பையன் பிலால் நிக்கல்ஸ் என்று பாதிப் பேர் பேஸ் டிராஃப்டில் எடுத்தவர்கள். ஆனால் அதே தடுப்பின் கைல் ஃபுல்லர், பேஸுக்கு முன்னால் இருந்த ஃபில் எமரி எடுத்தவர். இந்த மாதிரி வேலையில் முன்னவர் நட்டதும் பின்னவர் பறித்ததும் கலந்துதான் கிடக்கும். பிளே-ஆஃபில் ஃபிலடெல்ஃபியாவிடம் 16-15 என்று தோற்றார்கள். கடைசி உதையில் கோடி பார்க்கி அடித்த பந்து கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியிலும் பட்டு வெளியே விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பெரியவர் வாயாலேயே செய்து காட்டுவார், “டங்... டங்.”

அதே சீசனில் மஹோம்ஸ் 50 டச்டவுன் எறிந்து லீகின் மதிப்புமிக்க வீரர் ஆனார். முதல் வருடம் ஏறக்குறைய முழுக்க அவரை பெஞ்சில் உட்காரவைத்து, ஆண்டி ரீட் என்கிற அனுபவசாலி கற்றுக்கொடுத்திருந்தார். ட்ருபிஸ்கியை ஐந்தாவது ஆட்டத்திலேயே இறக்கிவிட்டார்கள், சீசன் முடிந்ததும் பயிற்சியாளரை மாற்றினார்கள். பையன்களை இடம் மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பெரியவருக்குப் பிடித்த கேள்வி. எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. 2018-இல் பேர்ஸுக்கு வந்த பயிற்சியாளர் மாட் நேகி, முந்தின வருடம் கன்சாஸ் சிட்டியில் மஹோம்ஸோடு இருந்தவர். இருந்தும் ட்ருபிஸ்கி மஹோம்ஸ் ஆகவில்லையே என்பார் மருமகன். அதுவும் நியாயம்.

2019 டிசம்பர் 22, கன்சாஸ் சிட்டி சிகாகோவுக்கு வந்தது. ஒரு டச்டவுனுக்குப் பிறகு மஹோம்ஸ் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக் காட்டினார். தன்னைப் பத்தாவது ஆளாக எடுத்ததைத்தான் சொல்கிறார் என்று அரங்கில் எல்லோருக்கும் புரிந்தது. ட்ருபிஸ்கியின் சட்டை எண்ணும் 10. மருமகன் அந்தச் சட்டையை முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார். இப்போது அது கார் ஷெட்டில், என்ஜின் ஆயில் துடைக்கிற கந்தல்களோடு தொங்குகிறது.

ஏழு வருட முடிவு 48 வெற்றி, 65 தோல்வி, இரண்டு பிளே-ஆஃப் ஆட்டம், இரண்டிலும் தோல்வி. 2022 ஜனவரி 10 அன்று பேஸையும் நேகியையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். அவர் கடைசியாக விலை கொடுத்து ஏறி எடுத்த ஃபீல்ட்ஸை, ரயன் போல்ஸ் தலைமையில் வந்த புது நிர்வாகம் 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு ஓர் ஆறாம் சுற்று முறைக்கு விற்றது.

என் தணிக்கை அறிக்கையை இருவரும் ஏற்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பேஸுக்கு ஆள் பார்க்கிற கண் இருந்தது. அது இல்லாமல் 112-இலும் 150-இலும் அப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்கள். அங்கே அவர் கையில் பல முறைகள் இருந்தன, எந்த ஒன்றின்மேலும் தலையைப் பணயம் வைக்கவில்லை. மேல் சுற்றில் தன் கண்ணையே முழுசாக நம்பி, கையிலிருந்த முறைகளைக் கொடுத்துக் குறைத்துக்கொண்டார். 2019-இல் அவருடைய முதல் முறையே மூன்றாம் சுற்றில்தான் வந்தது. நல்ல கண் இருக்கிறவர் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அவர் விற்றுக்கொண்டே போனார்.

போன கோடையில் பெரியவர் புதிதாக ஓர் உருப்படியைக் கொண்டுவந்தார். பேஸ் விட்டுப்போன அணி 2022-இல் 3 வெற்றி, 14 தோல்வி. அதனால் 2023-இன் முதல் முறை சிகாகோவுக்கு வந்தது. அதை போல்ஸ் கரோலினாவுக்கு விற்றார். மாற்றாக வந்தவற்றில் கரோலினாவின் 2024 முதல் சுற்றும் ஒன்று. கரோலினா கடைசியாக வந்ததால் அதுவும் முதல் முறை ஆயிற்று. அதில் எடுத்ததுதான் இன்றைய குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ். “அப்படியானால் கேலப்பைக் கொண்டுவந்தது யார்? பேஸ்தானே! எந்தப் பக்கம் எழுதப் போகிறாய், வரவா செலவா?” என்று என்னைக் கேட்டார். அணியை அவ்வளவு மோசமாக விட்டுப்போனதற்கு வரவு வைக்கச் சொல்கிறார். மருமகன் சாசேஜ் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேச வாயெடுத்தார். அடுப்பில் இருந்தது கருகிவிட்டது.